வேலாயி கட்டிய வேப்பிலை

வேலாயிக்கு மறதி என்பதே கிடையாது. எந்தக் கல்யாணத்தில் யார் தனக்குப் பாக்கு வைக்காமல் போனார்கள், எவள் எந்த மலையில் தன் தேயிலை நிரைக்குள் புகுந்து கொழுந்தைக் கிள்ளினாள், எல்லாமே அவள் மனதில் அப்படியப்படியே கிடக்கும். கீழ்லயத்து வரிசை வீடுகளில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. ஆனால் அதெல்லாம் சில்லறைக் கோபம். சோறு ஊட்டாத குறையாக அவள் வளர்த்து வந்த பகை ஒன்றே ஒன்றுதான், அது அம்மாக்கண்ணுவின் மேல்.

அம்மாக்கண்ணு கங்காணி பழனியாண்டியின் பெண்சாதி. மஸ்கெலியா ரோட்டிலிருந்து மேலே ஏறிப் போனால் வரும் அந்தத் தோட்டத்தில், துரைக்கு அடுத்த அதிகாரம் யாருக்கு என்று ஆண்களைக் கேட்டால் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா என்பார்கள். பெண்களைக் கேட்டால் அம்மாக்கண்ணு என்பார்கள். பிள்ளை உடம்பில் நாலு பொரி கண்டால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் பார்த்து “ஆத்தா வந்திருக்கா” என்றால் அது அம்மை. “சூட்டுக் கொப்புளம்” என்றால் வெறும் சூடு. எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கவும் அவள்தான் முதல் குரல். அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு அழுகையே வரும்.

நாற்பத்தொன்பதாம் வருசம் வேலாயியின் மகள் நாகலெட்சுமி காய்ச்சலில் படுத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்த பிள்ளை, வாய் ஓயாமல் பேசும். அடுப்பங்கரையிலேயே சுருண்டு கிடந்ததில் கழுத்தில் நாலைந்து பொரி கிளம்பியிருந்தது. அம்மாக்கண்ணு வந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், வாசலில் வேப்பிலை கட்டினாள்.

“ஆத்தா வந்திருக்கா. ஒரு காலு இந்தப் படி ஏறக் கூடாது. தாளிக்கக் கூடாது, கருவாடு சுடக் கூடாது. ஒரு சொட்டு மருந்து உள்ள போகக் கூடாது.”

தொண்டை வலிக்குதும்மா என்று பிள்ளை சாடை காட்டியது. பேச முடியவில்லை. வேலாயி இளநீருக்கு எங்கே போவாள், அந்தக் குளிரில்? மஞ்சள் தண்ணியைத் தெளித்துக்கொண்டு, ஆத்தா இறங்குவாள் இறங்குவாள் என்று உட்கார்ந்திருந்தாள். ஆத்தா இறங்கவில்லை. பிள்ளையின் மூச்சுத்தான் அடைத்தது. எல்லாம் முடிந்த பிறகு வந்த, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நாகலிங்கம் கரண்டிக் காம்பால் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “இது அம்மை இல்லை. தொண்டை அடைப்பான். முதலே என்னட்டைக் கொண்டு வந்திருந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பனே” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருந்தால்கூட வேலாயி விதியே என்று கிடந்திருப்பாள். தன் சொல் பொய்த்துப்போனதை அம்மாக்கண்ணுவால் தாங்க முடியவில்லை. பீலிக்கரையில் தண்ணி பிடிக்க வந்தவர்களிடம், “டிஸ்பென்சருக்கு என்னா தெரியும்? ஆத்தா இருக்கிற வீட்டுல கருவாடு சுட்டிருக்கா வேலாயி. எனக்கு மணம் வந்துச்சு. தீட்டு பொறுக்காம ஆத்தா பிள்ளைய எடுத்துக்கிட்டா” என்று ஒரு கதையைக் கட்டி விட்டாள். கதை லயம் முழுக்க ஓடியது.

ஆத்தா எடுத்த பிள்ளைக்கு அழக் கூடாது. அழுதால் அவள் இன்னும் கோபிப்பாள், இன்னும் பிள்ளைகளை எடுப்பாள். அதனால் நாகலெட்சுமிக்குத் தப்பு அடிக்கவில்லை. ஒப்பாரி இல்லை. துக்கம் கேட்க ஒருத்தி வரவில்லை. அப்பன் வீரய்யா பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போனான். பெற்றவள் தொண்டையில் வந்த அழுகையை முந்தானையால் அடைத்துக்கொண்டு வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றாள். பக்கத்துக் காம்பராவில் இருந்த ராக்காயி கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, “அழுதுறாதடி, எங்க வீட்டிலயும் பிள்ளைங்க இருக்கு” என்றாள்.

அன்றைக்கு உள்ளே போன அந்த அழுகை பிறகு வெளியே வரவே இல்லை. வீரய்யா அடுத்த மழைக்காலத்தில் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தான். அவனுக்கும் அவளுக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள், தீட்டுக்காரி என்றார்கள். கோயில் பொங்கலுக்கு அவள் கொண்டு போன அரிசியை அம்மாக்கண்ணு கையில் வாங்காமல், தரையில் வைக்கச் சொன்னாள். வேலாயி வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். உன் வாசலிலும் ஒரு நாள் வேப்பிலை தொங்கும், உன் வாயாலேயே என் பிள்ளையின் பெயரைச் சுத்தம் பண்ண வைக்கிறேன் என்று அங்கேயே நினைத்துக்கொண்டாள்.

எட்டு வருசம் காத்திருந்தாள். ஐம்பத்தேழில் அந்தப் புதுக் காய்ச்சல் வந்தது.

கொழும்பில் கப்பலில் வந்து இறங்கியது என்றார்கள், ரயிலேறி ஹட்டனுக்கு வந்தது என்றார்கள். எப்படி வந்தாலும் லயத்துக்குள் வந்த பிறகு அது பத்திக்கொண்ட வேகம் சொல்லி மாளாது. இன்று கூடை தூக்கியவள் நாளை எழும்ப மாட்டாள். டிஸ்பென்சர் நாகலிங்கம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கே வந்து, எல்லோரையும் நிறுத்தி வைத்துப் புதுச் சட்டம் சொன்னார்.

“ஆளுக்கு ஆள் ஒரு கொழுந்துக் கூடை வைக்கிற இடம் விட்டு நில்லுங்கோ. இருமேக்க வாயைத் துணியால பொத்துங்கோ. காய்ச்சல்காரரைப் பார்க்கவெண்டு ஒருத்தரும் ஒரு வீட்டுக்கும் போகக் கூடாது. விளங்குதோ?”

விளங்கியது என்று தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு நேராகக் காய்ச்சல்காரர்களைப் பார்க்கத்தான் போனார்கள். உடம்புக்கு முடியாதவனைப் போய்ப் பார்க்காதவன் மனுசனா? மூக்கைப் பொத்தினால் சளி உள்ளேயே தங்கிவிடாதா? தனியாகப் போட்டால் பயத்திலேயே அரை உயிர் போய்விடாதா? கொத்தமல்லித் தண்ணியும் பாண் ரொட்டியும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு காம்பராவிலும் பத்துப் பேர் குந்திக்கொண்டு, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அம்மாக்கண்ணு வேறு தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“இது ஆத்தா இல்ல. வெறும் சளிக் காய்ச்சல். ஆத்தா இல்லாத வீட்டுக்குப் போறதுக்கு என்னா தடை?”

அவளும் போனாள். வீடு வீடாகப் போய்த் திருநீறு போட்டாள். பிறகென்ன, அவளும் படுத்தாள்.

கங்காணி பெண்சாதி படுத்தால் சும்மாவா? மறுநாள் வேலை விட்டதும் லயமே திரண்டு அவள் வாசலுக்குக் கிளம்பியது. அந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே வேலாயி வந்து சேர்ந்துவிட்டாள். அந்தக் குளிரில் வேம்பு பிழைக்காது. ஆனாலும் தேயிலை ஸ்டோரில் இலை காய வைக்கும் அடுப்புச் சுவரை ஒட்டி, அந்தச் சூட்டில் ஒரே ஒரு வேம்பு பிழைத்து நின்றது. அதில் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு, பீலியில் நனைந்து, ஈரச் சேலையோடு, தலையை அவிழ்த்துப் போட்டு வந்து நின்றாள். வேலாயிக்கு அதுவரை சாமி வந்ததே இல்லை. ஆனால் சாமி வந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாத பெண் தோட்டத்தில் உண்டா? பல்லைக் கடித்தாள், உடம்பை உலுக்கினாள், ஓங்கிக் கத்தினாள்.

“டேய் பழனியாண்டி! நான் வந்திருக்கேண்டா! என் பிள்ள உள்ள கிடக்காடா! ஒரு காலு இந்தப் படி ஏறக் கூடாது! தாளிக்கக் கூடாது, கருவாடு சுடக் கூடாது! ஒரு சொட்டு மருந்து உள்ள போகக் கூடாது!”

அம்மாக்கண்ணு அன்றைக்குச் சொன்ன அதே சொல், ஒன்றுகூடக் குறையாமல். கூட்டம் அப்படியே பின்வாங்கியது. கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். தீட்டுக்காரி என்று ஒதுக்கிய உடம்பிலேயே ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்றதும் அவர்களுக்குப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. உள்ளேயிருந்து அம்மாக்கண்ணு ஈனக் குரலில், “அடியே, இது ஆத்தா இல்லடி, சளிக் காய்ச்சல்டி” என்று கத்தினாள்.

“பாவம், ஆத்தா வேகத்துல என்னென்னமோ பேசுறா” என்றாள் ராக்காயி, கன்னத்தில் போட்டுக்கொண்டே.

வேலாயி வேப்பிலையை நிலையில் கட்டினாள். மனசு குளுகுளுவென்று இருந்தது. நியாயம் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப் போகவில்லை.

அதன் பிறகு நடந்தது அவள் நினைத்துக்கூடப் பார்க்காதது. மறுநாளே ராக்காயி வந்து தூரத்தில் நின்று, “தாயி, எங்க வீட்டுக்காரருக்கும் அனலாக் கொதிக்குது. எங்க வாசல்லயும் ஆத்தாவா?” என்று கேட்டாள். தொடங்கிய கூத்தைப் பாதியில் நிறுத்த முடியுமா? “கட்டு” என்றாள் வேலாயி. அடுத்தவள் வந்தாள், அவளுக்கும் கட்டு. ஸ்டோர் வேம்பு மொட்டையாகிப் போனது, கீழ்லயம் மேல்லயம் எங்கும் வாசலுக்கு வாசல் இலை தொங்கியது. இலை தொங்கும் வீட்டுக்குள் யார் போவார்கள்? போவது நின்றது. பெரட்டில் தள்ளி நில்லுங்கோ என்று டிஸ்பென்சர் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காதவர்கள், ஆத்தா வீட்டு ஆள் பக்கத்தில் நின்றால் தானாகவே விலகி நின்றார்கள். காய்ச்சல் புது வீடுகளுக்குத் தாவுவது குறையத் தொடங்கியது.

நாகலிங்கம் வந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தபடி நின்றார். “என்னத்தையெண்டாலும் கட்டுங்கோ. வீட்டை விட்டு வெளிக்கிடாதேங்கோ, அது போதும். ஆனால் மருந்தைக் குடிக்கத்தானே வேணும்?” என்றார். மருந்தை மட்டும் யாரும் வாங்கவில்லை. கங்காணி வீட்டுப் படியில் அவர் வைத்துவிட்டுப் போன புட்டி அப்படியே இருந்தது. பழனியாண்டி அதைத் தாண்டித் தாண்டி நடந்தான், தொடவில்லை. இரவெல்லாம் பெண்சாதி இருமுவதைக் கேட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதான், மருந்தை உள்ளே எடுத்துப் போக அவனுக்குத் தைரியம் இல்லை.

எல்லோரும் மலைக்குப் போயிருந்த ஒரு பகலில், கங்காணியும் வேலை பார்க்கப் போன பிறகு, வேலாயி அந்தப் படி ஏறினாள். ஆத்தாவின் ஆள் என்பதால் அவளுக்கு மட்டும் தடையில்லை. உள்ளே அம்மாக்கண்ணு காய்ந்த சருகாகக் கிடந்தாள். பக்கத்துச் சட்டியில் தண்ணி வற்றியிருந்தது. வேலாயி அவள் தலைமாட்டில் குந்தினாள்.

“என்னா, தனியாக் கிடக்க எப்படி இருக்கு?”

அம்மாக்கண்ணு கண்ணைத் திறந்தாள். “நீ நடிக்கிறேன்னு எனக்குத் தெரியும்டி.”

“தெரியும்ல? அப்ப எனக்குத் தெரிஞ்சதையும் நீ சொல்லு. என் பிள்ளைக்கு வந்தது ஆத்தாவா?”

அம்மாக்கண்ணு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேலாயி அசையவில்லை. இருமல் வந்து படுத்திருந்தவளைப் புரட்டிப் போட்டது. இருமி முடித்ததும் வேலாயி மறுபடி அதையே கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது அம்மாக்கண்ணுவின் கண்ணிலிருந்து தண்ணி இறங்கியது.

“இல்லடி. ரெண்டாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. சொன்ன சொல்ல எப்படி மாத்துவேன்? எவளும் என்னைய மதிப்பாளா?”

“கருவாடு?”

“நீ சுடல. நான்தான் கட்டி விட்டேன்.”

எட்டு வருசமாக அவள் கேட்க ஏங்கிய சொல். கேட்டதும் நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. சுற்றிலும் பார்த்தாள். கேட்டவர்கள் யார்? அடுப்பும் சட்டியும்தான். ஊரையே இந்த வாசலுக்கு வராமல் அடித்து விரட்டியது அவள் கைதானே. இவள் இன்றைக்கோ நாளைக்கோ போய்விட்டால் அந்த உண்மையும் கூடவே போகும். நாகலெட்சுமி தீட்டில் செத்த பிள்ளையாகவே நிற்பாள். வேலாயிக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

விருட்டென்று எழுந்து வெளியே போனாள். படியில் இருந்த மருந்துப் புட்டியை எடுத்தாள். கொழுந்து நிறுக்கத் திரும்பி வந்துகொண்டிருந்த பெண்கள் பார்த்து வாயைப் பிளந்து நின்றார்கள். ஆத்தா தன் கையாலேயே மருந்தை உள்ளே எடுத்துப் போகிறாள்! அன்று மாலையே மற்றப் படிகளில் கிடந்த புட்டிகளும் உள்ளே போயின என்பது வேறு கதை. வேலாயி அம்மாக்கண்ணுவின் தாடையைப் பிடித்துத் திறந்து, மருந்தை ஊற்றினாள்.

“குடிடி. நீ இப்பச் சாகக் கூடாது. எழும்பணும், நடக்கணும், பெரட்டுக் களத்துல நாலு பேரு முன்னாடி நின்னு இதையே சொல்லணும். அதுக்கப்புறம் செத்துக்க, நான் கேட்க மாட்டேன்.”

அம்மாக்கண்ணு குடித்தாள். வேலாயி தினமும் வந்தாள். கஞ்சி ஊற்றினாள், பீத்துணி கசக்கினாள், முதுகு தேய்த்து விட்டாள். பெற்ற மகள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். செய்யும்போதெல்லாம் திட்டிக்கொண்டேதான் செய்தாள். இவள் பிழைத்தே ஆக வேண்டும் என்று அவள் வேண்டிய வேண்டுதலை, பழனியாண்டிகூட வேண்டியிருக்க மாட்டான்.

அம்மாக்கண்ணு பிழைத்தாள். தலைக்குத் தண்ணி ஊற்றிய மறுநாள், போர்வையைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு வந்தாள். கூடை இடைவெளி விட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். கண்டாக்கையா இன்னும் பேர் கூப்பிடத் தொடங்கவில்லை. டிஸ்பென்சரும் ஒரு ஓரமாக நின்றார். வேலாயி முன்வரிசையில் நின்று அவள் வாயையே பார்த்தாள். சொல்லு, இப்போது சொல்லு.

அம்மாக்கண்ணு தொண்டையைச் செருமினாள். வேலாயியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் ஓடியதை வேலாயி கண்டுகொண்டாள். பழைய கள்ளத்தனம் திரும்பி வந்துவிட்டது.

“சனங்களே, நான் செத்துப் பொழைச்சவ. இவள வேலாயின்னு நினைக்காதீங்க. இவ சாட்சாத் ஆத்தா! ஆத்தாதான் இவ உருவத்துல வந்து எனக்கு மருந்து ஊத்துனா! இனி இவ வாயில வர்றது எல்லாம் ஆத்தா வாக்கு!”

சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக வேலாயி காலில் விழுந்தாள். பின்னாலேயே கூட்டமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுந்தது. சாமியாக்கிவிட்டால் மனுசியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? கும்பிட்டே வாயை அடைத்துவிடலாம் என்று பார்த்தாள், பாதகத்தி. வேலாயிக்கு ரத்தம் கொதித்தது. அவள் தலைமயிரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் கை பரபரத்தது.

பிறகு அவளுக்கு ஒன்று உறைத்தது. ஆத்தா வாக்கு என்று சொன்னது யார்? இவளேதான். இத்தனை பேர் முன்னால், தன் வாயால்.

வேலாயி கொண்டையை அவிழ்த்தாள். பல்லைக் கடித்தாள். களமே நடுங்கும்படி கத்தினாள்.

“டேய், கேளுங்கடா! எட்டு வருசத்துக்கு முன்னாடி வேலாயி மக நாகலெட்சுமிய நான் எடுக்கலடா! அவ வீட்டுக்கு நான் வரவே இல்லடா! அவ வீட்டுல கருவாடும் சுடல, தீட்டும் இல்ல! என் பேரச் சொல்லி மருந்தத் தடுத்தா, என் பேரச் சொல்லிப் பொய்யக் கட்டி விட்டா, இந்தா கால்ல கிடக்காளே, இவ! ஆமாவா இல்லையா? சொல்லுடி!”

அம்மாக்கண்ணு தலையை உயர்த்தினாள். இல்லை என்றால், ஆத்தா பொய் சொல்கிறாள் என்று ஆகும். சற்று முன்னால் தானே கட்டி எழுப்பிய சாமி. அவள் கையைக் கூப்பினாள்.

“ஆமாந்தாயி.”

“சத்தமா!”

“ஆமாந்தாயி! நான்தான் சொன்னேன்! பிள்ளைமேல ஒரு குத்தமும் இல்ல, வேலாயிமேலயும் இல்ல!”

கண்டாக்கையா பேர் கூப்பிட மறந்து நின்றார். நாகலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கங்காணி பழனியாண்டி பெண்சாதியைப் பார்த்த பார்வையில் பத்து வருசம் மூத்துப் போயிருந்தான். வேலாயி குனிந்திருந்த தலைகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“நான் எடுக்காத பிள்ளைக்கு அழக் கூடாதுன்னு எவடி சொன்னா?”

அதோடு சாமி மலையேறியது. வேலாயி கொண்டையை முடிந்து, கூடையை மாட்டிக்கொண்டு, பேர் கூப்பிடும்வரை மற்றவர்களோடு நின்றாள். முதல் தடவை ஆடியதும் நடிப்பு, இதுவும் நடிப்புத்தான், ஆனால் இந்தத் தடவை சொன்னதில் பொய் இல்லை.

அன்று வேலை விட்டதும் பெண்கள் அவள் வாசலுக்கு வந்தார்கள். ராக்காயிதான் முன்னால் வந்தாள், கையில் கொஞ்சம் சீனியும் கோப்பித்தூளும் இருந்தது. எழவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறவர்கள் கொண்டு போவது. எட்டு வருசம் தாமதம். அவர்கள் படியேற வந்தபோது வேலாயி உள்ளேயிருந்து காய்ந்துபோன ஒரு வேப்பங்கொத்தைக் கொண்டு வந்து நிலையில் செருகினாள்.

“உள்ள வராதீங்க. காய்ச்சல் காலம். தள்ளித் தள்ளி நில்லுங்க. அங்கேயே நின்னு அழுங்க.”

அவர்கள் நின்றார்கள். வாசலிலும் தண்ணி ஓடும் கானோரத்திலும், ஆளுக்கொரு கூடை இடம் விட்டு, வாயில் முந்தானையோடு. யாருக்கும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் பின்னால், போர்வைக்குள் ஒடுங்கிப்போய் அம்மாக்கண்ணு நின்றாள். வேலாயி கையை நீட்டி அவளைக் காட்டினாள்.

“நீ எடு. ஒப்பாரியில நீதானே முதல் குரல்? பேரச் சொல்லி அழு.”

அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள். காய்ச்சலில் உடைந்துபோன குரல்தான் வந்தது.

“என் தாயி நாகலெட்சுமி...”

எட்டு வருசமாக அந்த லயத்தில் யாரும் சத்தமாகச் சொல்லாத பெயர். மற்றவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். வேலாயி தூணைப் பிடித்தபடி நின்று கேட்டாள். பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து, முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவளும் அழுதாள்.